பெஞ்சில் முழங்காலை ஒதுக்கும் தங்கைக்கு

கோத்தகிரி வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"அன்புள்ள சிஸ்டர், எனக்கு 34 வயது. இலை வாங்கி அரைக்கும் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2015 மே மாதம் கோவையில் மாப்பிள்ளையின் பங்குக் கோயிலில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அவருக்குக் கடுமையான குடிப்பழக்கம் இருந்ததையும், கல்யாணத்துக்கு முந்தின ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை சிகிச்சைக்குச் சேர்த்திருந்ததையும் எங்களிடம் மறைத்துவிட்டார்கள். ஏழாவது மாதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அடி, உதை. 2018-இல் இரண்டு வயது மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். 2021-இல் இருவர் சம்மதத்தோடு கோர்ட்டில் விவாகரத்து ஆனது.

அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) ஒரு பெரியவர், 'டைவர்ஸ் வாங்கினவங்க நன்மை வாங்கக் கூடாது' என்றார். பூசையில் கொடுக்கும் நற்கருணையைத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் வாங்குவதில்லை. பூசையில் மற்றவர்கள் எழுந்து போகும்போது வழிவிட முழங்காலை ஒதுக்கி உட்கார்ந்துகொள்வேன். யாருக்கும் என்னைத் தெரியாத ஊட்டி காந்தல் குருசடிக் கோயிலில்கூட வாங்கியதில்லை. வருகிற மே மாதம் மகளுக்குப் புதுநன்மை, அவள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். 'அன்னைக்காவது நீயும் வருவியாம்மா?' என்று கேட்கிறாள்.

கோயிலில் கல்யாணத்தை ரத்து செய்ய மனு போடு என்கிறார் அண்ணன். அப்படிச் செய்தால் பிள்ளை முறையில்லாத பிள்ளை ஆகிவிடும் என்று அம்மா அழுகிறார். அதெல்லாம் பணம் உள்ளவர்களுக்குத்தான் என்றும் சொல்கிறார்கள். இன்னொன்று. எங்கள் ஃபாக்டரிக்கு வந்துபோகும் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். இந்து. மதம் மாறச் சொல்லவில்லை. ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்கிறார். நான் என்ன செய்ய?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுவோம். "வருவேன்" என்று சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது தவறு. கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர் நன்மை வாங்கக் கூடாது என்று திருச்சபையில் சட்டம் கிடையாது. விவாகரத்துக்குப் பிறகு, முதல் கல்யாணம் திருச்சபைக் கணக்கில் இன்னும் நிற்கும்போதே, இன்னொருவரோடு கல்யாணம் செய்து வாழ்கிறவர்களைப் பற்றியது அந்தப் பேச்சு. இரண்டு வேறு விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். நீங்கள் பிரிந்து வந்தீர்கள், தனியாக இருக்கிறீர்கள், பிள்ளையை வளர்க்கிறீர்கள். உங்களைத் தடுக்க ஒன்றுமில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2383-ஆம் பத்தியைப் பாருங்கள். பிள்ளைகளின் நலன், சொத்து, சட்ட உரிமை இவற்றைக் காக்க வேறு வழியில்லை என்றால் கோர்ட் விவாகரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அது பாவம் ஆகாது என்கிறது. 2016-இல் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா' மடலின் 241-ஆம் பத்தி இன்னும் நேராகப் பேசுகிறது. பலவீனமான துணையையும் சின்னப் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காப்பாற்றப் பிரிவது சில நேரம் ஒழுக்கக் கடமையே ஆகிவிடும் என்கிறது. அடுத்த பத்தியில், விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாதவர்களை நற்கருணையில் பலம் தேடச் சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. பொறுத்துப் போகச் சொல்லவில்லை, ஊக்கப்படுத்தச் சொல்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் விதியோ, ஆபத்து உடனடியானது என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தாமே வெளியேறலாம் என்கிறது. 2018-இல் நீங்கள் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு பஸ் ஏறியபோது இந்த விதியைத்தான் கடைப்பிடித்தீர்கள், தெரியாமலே.

பெரியவர் மேல் கோபப்படாதீர்கள். சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறது, ஏனென்றால் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். துறவு வாழ்வின் ஆரம்பத்தில் கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இலை பறிக்கிற ஒரு அம்மா, புருஷன் விட்டுப் போய் கோர்ட்டில் தீர்ந்துபோன கேஸ், என்னிடம் வந்து, "நான் வாங்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். வயது 24 எனக்கு. "ஒதுங்கி இருக்கிறது நல்லதும்மா" என்று சொன்னேன். ரோமையில் என்ன சட்டம் என்று ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் குரலில் பெரிய நிச்சயம். பல வருடம் கழித்துச் சட்டம் படிக்கப் போன இடத்தில் அந்தப் பத்தியைப் படித்தபோது, லைன் வீட்டுத் திண்ணையில் ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்ற அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து தேடினேன். எஸ்டேட் வேலை சரியில்லை என்று குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை. மே மாதம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பங்குச் சாமியாரை ஒரு மாலை தனியாகப் பார்த்து, கடிதத்தில் எனக்கு எழுதியதைச் சொல்லுங்கள். மலையில் பங்குகள் சின்னவை. யார் எந்த பெஞ்சில் உட்காருகிறார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நீங்கள் திடீரென்று வரிசையில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சாமியாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார், உங்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம். அப்புறம் மற்றவர்களைப் போலவே ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. விவாகரத்தை அங்கே பாவமாகச் சொல்லாதீர்கள். புதிதாக வந்திருக்கும் அந்த மனிதரோடு உங்கள் பழக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டிய இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டிதான், பத்திரிகை இல்லை.

சரி, இப்போது மனு.

அண்ணன் 'ரத்து' என்று சொல்கிறார். ஊரே அப்படித்தான் சொல்கிறது. 'சர்ச் டைவர்ஸ்' என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லில்தான் அம்மாவின் அழுகை தொடங்குகிறது. நீங்கள் இலைக் கணக்கு எழுதுகிறவர், உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். எடை போட்டு எழுதிய 40 கிலோவைப் பிறகு யாரோ பேனாவால் அடிப்பது ஒன்று. அன்றைக்குத் தராசில் மூட்டையே ஏறவில்லை, நோட்டில் மட்டும் 40 கிலோ ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறொன்று. உங்களுடையது போன்ற கல்யாணத்தில் திருச்சபை முதலாவதைச் செய்வதில்லை, செய்ய முடியும் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. கல்யாணத்தன்று இருவர் கொடுத்த சம்மதம் திருமணத்தை உண்டாக்கும் சம்மதமாக இருந்ததா என்று மட்டும் விசாரிக்கிறது. இல்லை என்று தெரிந்தால், 'தொடக்கத்திலேயே செல்லாதது' என்று தீர்ப்புச் சொல்கிறது. நீங்கள் அந்த வீட்டில் சமைத்ததும், பட்டதும், பிள்ளை பெற்றதும் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளை விஷயத்தில் அம்மாவுக்கு நான் எழுத்தில் உறுதி தருகிறேன். இருவரில் ஒருவராவது நல்ல மனதோடு, இது உண்மையான கல்யாணம் என்று நம்பிச் செய்த திருமணம் பிறகு செல்லாது என்று ஆனாலும், அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137-ஆம் விதி சொல்கிறது. நீங்கள் நம்பித்தான் பீடத்துக்கு முன்னால் நின்றீர்கள். நாட்டுச் சட்டத்திலோ உங்களுடையது முறையாக விவாகரத்தான திருமணம். மகளின் உரிமையில் தூசிகூட விழாது. அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும். அம்மாவிடம் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

பணத்தைப் பற்றி: 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசர் இந்த விசாரணை முறையையே மாற்றி எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் செல்லாது என்று ஒரு திருச்சபை நீதிமன்றம் சொன்னால் போதாது. மேல் நீதிமன்றமும் அதையே சொன்னால்தான் மறுமணத்துக்கு வழி. அந்த இரண்டாவது கதவை எடுத்துவிட்டார். வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி போக, முடிந்த அளவு இலவசமாக நடத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். செலவுக்கு ஏதாவது கேட்பார்கள்; கட்ட முடியாவிட்டால் முடியாது என்று எழுதிக் கொடுங்கள். ஏழைகளுக்குக் கட்டணக் குறைப்பும் இலவச உதவியும் தரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பணக்காரர்களுக்குத்தான் கிடைக்கும் என்ற பேச்சு ஏன் வந்தது என்றால், விவரம் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதால். நம் பங்குகளில் கல்யாணத் தயாரிப்பு வகுப்பு இருக்கிறது, கல்யாணம் உடைந்தால் எங்கே போவது என்று சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒதுக்குவதில்லை. இது எங்கள் தப்பு.

எங்கே போடுவது? கல்யாணம் கோவையில் நடந்ததால் கோவை மறைமாவட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். வேண்டாம். நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடமும் போதும். நீலகிரி உதகை மறைமாவட்டம். உதகை ஆயர் இல்லத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா சுற்றிப் போகிற பஸ் தூரம்தான்.

உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள், பெட்டியில் இருக்கும் பழையது உதவாது. ஞானஸ்நானப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு எதிரே ஓரத்தில், எந்தக் கோயிலில் எந்தத் தேதியில் யாரோடு கல்யாணம் என்று ஒரு வரி எழுதியிருக்கும். கோவைக் கோயில் தகவல் அனுப்ப, கோத்தகிரியில் பேனாவால் ஏற்றியது அது. அந்த வரியோடு சேர்த்து நகல் வேண்டும். (1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு இந்த ஒரு தாளுக்காக ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறோம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.) கல்யாணச் சான்றிதழும் கோர்ட் தீர்ப்பின் நகலும் கூடவே வேண்டும்.

உங்கள் முன்னாள் கணவர் எதிரே உட்கார்ந்திருப்பார், கூண்டில் ஏற்றுவார்கள், குறுக்கு விசாரணை என்றெல்லாம் பயந்திருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் நடக்காது. ஒரு மேசை, ஒரு சாமியார் அல்லது சட்டம் படித்த ஒருவர், பக்கத்தில் எழுதுகிறவர். உங்களைத் தனியாகக் கேட்பார்கள், அவரைத் தனியாக, சாட்சிகளைத் தனியாக. ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் அங்கே இருக்கக் கூடாது என்பதே விதி. அவருக்குக் கட்டாயம் தகவல் போகும். அது அவருடைய உரிமை. அவர் பதிலே போடாவிட்டாலும் வழக்கு நிற்காது. முதல் நீதிமன்றத்தில் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கொஞ்சம் இழுக்கும், மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த 14 பக்கத்தையும் இரண்டு முறை வாசித்தேன். நான் ஒன்பது வருடம் இந்த நீதிமன்றத்தில் திருமணப் பந்தத்தின் காவலராக வேலை பார்த்தவள். பெயர் பெரியதாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: 'இந்தக் கல்யாணம் செல்லும்' என்று வாதாட நியாயமாக என்னென்ன சொல்லலாமோ அத்தனையையும் சொல்வது. திருமணம் செல்லும் என்றுதான் சட்டம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் காட்ட வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் 14 பக்கத்தைப் படித்தால் எனக்கு என்ன தோன்றும் தெரியுமா? பதினோரு பக்கம் அடி. எந்த இரவு, எந்தக் கை, எந்தப் பக்கத்து வீட்டு அக்கா வந்து விலக்கினார். படிக்கும்போது எனக்கே நெஞ்சு அடைத்தது. ஆனால் காவலராக நான் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவேன்: 'இவை அனைத்தும் திருமணத்துக்குப் பின் நடந்தவை.'

நான் கொடுமைக்காரியாகத் தெரியலாம். கொஞ்சம் பொறுங்கள். நல்ல சம்மதம் கொடுத்துக் கல்யாணம் செய்த ஒருவர் பிறகு கெட்டுப்போகலாம். அப்போது நீங்கள் பிரிந்து வாழலாம், திருச்சபை உங்கள் பக்கம் நிற்கும், ஆனால் கல்யாணம் செல்லும். அதனால் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, அவர் எவ்வளவு மோசமானவர் ஆனார் என்பது இல்லை. 2015 மே மாதம் அந்தக் காலையில், மணமேடையில் நிற்கும்போது, என்ன இருந்தது என்பதுதான். அதைப் பற்றி நீங்கள் எழுதியது மொத்தம் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

டிஸ்சார்ஜ் காகிதத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா? நகலாவது? போனில் படம் எடுத்தீர்களா? அதில் ஒரு தேதி இருக்கும், கல்யாணத்துக்கு முந்தின தேதி. இதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று 1098-ஆம் விதி: சம்மதம் பெறுவதற்காகவே ஏமாற்றி, இல்லற வாழ்க்கையைக் கடுமையாகக் குலைக்கக் கூடிய ஒரு தன்மையை மறைத்திருந்தால் திருமணம் செல்லாது. இன்னொன்று 1095: மனநிலை சார்ந்த காரணத்தால் திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்கவே முடியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால். குடி நோய் அந்த அளவு முற்றியிருந்ததா என்று சொல்ல நிபுணர் ஒருவரின் கருத்தைக் கேட்பார்கள். எல்லாக் குடியும் அதில் சேராது. சேர்ந்தால் தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணம் செல்லாது.

அதே அரைப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. நீங்கள் காகிதத்தைக் காட்டிக் கேட்டபோது மாமியார் சொன்னது: "ஒரு கால்கட்டுப் போட்டா திருந்திடுவான்னு நெனச்சோம்." தங்கச்சி, இந்த வாக்கியத்தை நான் எத்தனை கோப்பில் படித்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஊர் வேறு, சாதி வேறு, வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. நம் வீடுகளில் இதை அக்கறை என்று நினைக்கிறார்கள். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள்: பையனுக்கு நோய் இருப்பது வீட்டுக்குத் தெரியும், தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும், அதனால் சொல்லவில்லை. நீங்கள் ஏமாந்ததற்கு அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு வாக்குமூலம் அது.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோமே, எதற்கு? தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பதற்கு. நாம் அந்த நேரத்தில் பெண் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று பேசிக்கொண்டிருப்போம். அவர் இரண்டு முறை சிகிச்சையில் இருந்தது அந்தத் தெருவுக்கே தெரிந்திருக்கும். மூன்று ஞாயிறும் தெரு வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்தின பாவம் நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

ஆகவே சாட்சிகளைத் தேடும்போது உங்கள் அழுகையைப் பார்த்தவர்களை மட்டும் தேடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவரைத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். உங்களோடு இன்னும் பேசுகிற அவருடைய சின்ன அத்தை என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரால் முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம்.

2015 சீர்திருத்தத்தில் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. மனுவை இருவரும் சேர்ந்து கொடுத்தாலோ, ஒருவர் கொடுத்து மற்றவர் சம்மதித்தாலோ, ஆதாரமும் வெளிப்படையாக இருந்தால், ஆயரே நேரடியாக விரைவில் தீர்ப்புச் சொல்லலாம். தொற்று நோயை மறைத்தது, முன்பே பிள்ளை இருந்ததை மறைத்தது, சிறைக்குப் போனதை மறைத்தது போன்றவற்றை அதில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுடையது அந்த ஜாதியில் சேரலாம், ஆயர்தான் முடிவு செய்வார். உங்கள் முன்னாள் கணவர் கோர்ட்டில் சண்டை போடாமல் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் என்கிறீர்கள். இதற்கும் சம்மதிக்கலாம். அவரும் நோயில் கிடந்த மனிதர்தான். கால்கட்டுக்குள் அவரையும் யாரோதான் தள்ளினார்கள்.

தீர்ப்பு சாதகமாக வரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. காகிதம் இருந்தால் தைரியமாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்வேன். பாதகமாக வந்தால் மேல்முறையீடு உண்டு.

ஒரு விஷயத்தில் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள், பலர் செய்வதில்லை. கோர்ட் விவாகரத்தை முதலில் முடித்துவிட்டீர்கள். திருச்சபைத் தீர்ப்பு கிடைத்ததும் போதும் என்று நினைத்து மறுமணம் செய்து, இரண்டு கல்யாணக் குற்றத்தில் மாட்டியவர்கள் உண்டு. திருச்சபை நீதிமன்றத் தீர்ப்புக்கு நாட்டுச் சட்டத்தில் மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு சாவி. போகிற போக்கில் ஒன்று: இருவர் சம்மதத்தில் விவாகரத்து என்பதே நம் கிறிஸ்தவர்களுக்கு 2001 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியின் கள்ள உறவைக் காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து. மனைவிக்கோ, பெரும்பாலும் கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்துக் காட்ட வேண்டும். வெறும் அடிக்கு விவாகரத்து இல்லை. உங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் ஏன் 'பொறுத்துப் போ' என்றார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய நான்கு வரிக்கு வருகிறேன்.

34 வயதில், அடி வாங்கிய உடம்போடு, இன்னொருவர் மேல் உங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தீர்ப்பு வரும்வரை தேதி குறிக்காதீர்கள், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் போகாதீர்கள். முதல் கல்யாணம் செல்லாது என்று உறுதியாகும்வரை திருச்சபைக்கு அது நிற்கிற கல்யாணம். இப்போது பதிவுத் திருமணம் செய்தால், பெரியவர் தவறாக உங்கள் மேல் வைத்த மூட்டையை நீங்களே தூக்கி வைத்துக்கொண்டது போல ஆகும்.

'அமோரிஸ் லெத்தீசியாவில் மறுமணம் செய்தவர்களுக்கும் வழி இருக்கிறதாமே' என்று யாராவது சொல்வார்கள். எட்டாம் அதிகாரமும் அதன் 351-ஆம் அடிக்குறிப்பும்தான் அது. சில சூழ்நிலையில், ஒரு குருவோடு நீண்ட காலம் ஆராய்ந்து பார்த்து, நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற அருள்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்கிறது. அது வந்த வருடமே நான்கு கர்தினால்கள் பாப்பரசரிடம் விளக்கம் கேட்டுக் கேள்விகள் அனுப்பினார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. திரும்பிப் போக முடியாதபடி, பிள்ளைகளோடு வாழ்க்கை அமைந்துவிட்டவர்களுக்கு அந்தக் கதவு தேவை என்று நினைக்கிறவள் நான். ஆனால் மருந்து இருக்கிறதே என்று யாரும் காய்ச்சலை வரவழைத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு நேர் வழி திறந்திருக்கும்போது சந்து வழி எதற்கு?

அவர் இந்து என்பது தடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தீர்க்கக் கூடிய தடை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் விலக்கு அனுமதி வேண்டும். அதற்கு நீங்கள், உங்கள் விசுவாசத்தை விடாமல் இருக்கவும், பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க உங்களால் முடிந்ததைச் செய்யவும் வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை, உங்கள் வாக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அவர் மதம் மாற வேண்டியதும் இல்லை. கோயிலில் நடந்தாலும் நாட்டுச் சட்டப்படி செல்லும். இருவரில் ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் போதும்.

நீங்கள் அவரிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள்? கடிதத்தில் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லுங்கள். மகள் இருக்கிறாள் என்பதை அல்ல, அது அவருக்குத் தெரியும். இந்த மனு இருக்கிறது, ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், முடிவு எப்படியும் வரலாம் என்பதை. அதைக் கேட்டுக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் அவரைப் பற்றி நன்றாக விசாரியுங்கள். முதல் தடவை உங்கள் வீட்டார் நகை, வேலை, வீடு எல்லாம் விசாரித்தார்கள், இதை விசாரிக்கவில்லை. இந்த முறை நீங்களே, வெட்கப்படாமல், அவர் ஊரில் நாலு பேரிடம் கேளுங்கள். மகளிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். புதுநன்மை வருகிற வருடத்தில் அவளுக்கு அது ஒன்றே போதும்.

14 பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள். மனுவில் பாதி அதில் இருக்கிறது. ஆனால் உதகைக்குக் கொண்டுபோவதற்கு முன் அந்த அரைப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள். பெண் பார்க்க வந்த அன்று யார் யார் வந்தார்கள், உடல்நலத்தைப் பற்றி உங்கள் அப்பா ஏதாவது கேட்டாரா, அவர்கள் என்ன சொன்னார்கள். காகிதத்தை எந்த மாதம் பார்த்தீர்கள், அதில் என்ன தேதி. தெரிந்த பிறகு எத்தனை நாள் அந்த வீட்டில் இருந்தீர்கள், ஏன் இருந்தீர்கள். இதைக் காவலர் நிச்சயம் கேட்பார். அப்புறம் அந்தக் கால்கட்டு வாக்கியம்: மாமியார் அதை எந்த அறையில் சொன்னார், பக்கத்தில் வேறு யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். சின்ன அத்தை அங்கே இருந்தாரா?